தொட்டிக்குத் தீனி வைத்தது யார்?

எண்ணூரிலிருந்து டோல்கேட் போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே, ஒரே கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பட்டினியில சாவல பாத்திமாக்கா. தீனி போட்டதாலதான் செத்துது.”

“இன்னா செல்வி சொல்ற?”

“எறா குளத்து தண்ணி கெடாம இருக்க போடுற பவுடருக்கு நல்ல கிருமி வளக்குறோம்ல? மொதல்ல நல்லா தீனி குடுப்போம், அப்புறம் நிறுத்திடுவோம். தீனி தீந்தாதான் அது ஓடு கட்டிகினு தூங்கும். ஓடு இருந்தா சூட்டுல காயவெச்சாலும் சாவாது. குளத்துல போட்டா முழிச்சிக்கும். முந்தாநாளு யாரோ தொட்டியில தீனிக்கு வெச்ச வெல்லப்பாக ஊத்திட்டாங்க. ஓடே கட்டல. இன்னிக்கு காயவெச்சதுல மொத்தமும் பூடுச்சு. தொட்டி என் பொறுப்பு. மேனேஜரு என்னியதான் சந்தேகப்படுறாரு.”

“கேமரா இல்லியா?”

“அந்த மூலையில இல்ல. ஆனா சாயங்காலம் ஆறரைக்கு ஊத்திகீறாங்கன்னு தொட்டி மீட்டர்ல தெரியுது.”

மூத்தவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“ஆறரைக்கு நாங்க எல்லாரும் கேன்டீன்ல இருந்தோம்க்கா. தொட்டி ரூமு வாசல்ல உக்காந்து நோன்பு தொறந்தது நீ ஒருத்திதான்.”

“என்னிய சந்தேகப்படுறியா?”

“கேக்குறேன்.”

மூத்தவர் மூடிய ஜிப்பை மறுபடி திறந்தார்.

“கிருமிய பட்டினி போட்டுகீறோம்னு நீதானடி சொன்ன. அத பக்கத்துல வெச்சிகினு எனக்கு மட்டும் எப்டி கஞ்சி எறங்கும்?”