இருபத்தொரு வருச ஊசி

போதும் அத்தை, அந்த எண்ணெ பாட்டில பைக்குள்ளயே வையுங்க. இடுப்பு பெல்ட்டையும்தான். சித்தூர்லேர்ந்து திருப்பதி வரைக்கும் பஸ்ல இதத் தூக்கிக்கினு வந்தீங்களா? அம்மாவ அப்புறம் பாக்கலாம், மொதல்ல இந்த பெஞ்சுல குந்துங்க. கத்தல, பேசறேன். ஆஸ்பத்திரின்னு எனக்கும் தெரியும்.

நேத்து போன்ல அம்மாகிட்ட என்னா சொன்னீங்க? முதுகுல கத்தி வச்சா ரெண்டு காலும் போயிடும்னுதானே? அதுலேர்ந்து கையெழுத்து போடமாட்டேங்குறாங்க. நாளைக்கு ஆப்பரேஷன். எலும்பு சாஞ்சு நரம்ப அழுத்துது. பண்ணலன்னாதான் கால் போவும்.

என்னாது, எல்லாம் அந்த ஊசியாலயா? ஆரம்பிச்சுட்டீங்களா! என்னைப் பெத்தப்ப முதுகுல போட்ட ஊசி. இருபத்தொரு வருசமா இதே பாட்டு. நம்ம சர்ச்சு பெண்கள் கூட்டத்துல யாருக்கு இடுப்பு புடிச்சாலும் அந்த ஊசிதான். ஊசி குத்துன வலி நாலு நாள்ல போயிடும் அத்தை. அதே கூட்டத்துக்கு வர்ற ரோஹிணி அக்காவுக்கு ஊசியே போடல, சுகப்பிரசவம், அவங்களுக்கு ஏன் வலிக்குது? நைனாவுக்கும்தான் இடுப்பு வலி. அவரு எந்தப் புள்ளையப் பெத்தாரு?

சிரிக்காதீங்க. யூனிவர்சிட்டி பட்டிமன்றத்துல கப்பு வாங்கினவ நான், என்கிட்ட வேணாம். அசையாம படுன்னீங்க, மூணு மாசம் படுத்தாங்க. வெறுந்தரைதான் முதுகுக்கு நல்லதுன்னீங்க, அதுலயும் படுத்தாங்க. சாயங்காலமானா காய்ச்சல், ஆளே பாதியா இளைச்சுப்போனாங்க. யாராச்சும் ஏன்னு கேட்டோமா? முதுகெலும்புல டிபி அத்தை. உள்ளயே அரிச்சுக்கினு இருந்திருக்குது. அதுக்கு மாத்திர இருக்கு. நாம ஊசிய வைஞ்சிக்கினு குந்தியிருந்தோம்.

இல்ல, நான் முடிக்கல. காலு முன்னால வந்து பொறந்தவங்க மூணு வாட்டி மிதிச்சா முதுகுப் புடிப்பு விட்டுடும்னு ஜனவரியில சொன்னது யாரு? நீங்கதானே? பாய் விரிச்சு கவுந்து படுக்க வச்சது யாரு? இது பழைய வலி மாதிரி இல்ல, வேற மாதிரி இருக்குது, வேணாம்னு அம்மா சொன்னாங்க. யாரு காதுல வாங்கினோம்?

ஐயோ, அழாதீங்க. உங்கள மட்டும் சொல்லல. நம்ம வீட்ல காலால பொறந்தவ யாரு? நான்தானே. அதுக்காகத்தானே அன்னிக்கு வயித்தக் கீறி எடுத்தாங்க, அதுக்குத்தானே அந்த ஊசி. பாய் விரிச்ச அன்னிக்கு எனக்கு பஸ்ஸு போயிடும்னு அவசரம். இந்த வலியும் நான் பொறந்ததாலதானாம்மான்னு கேட்டுக்கினே மிதிச்சேன். மூணாவது மிதி கொஞ்சம் கோவமாவே விழுந்துச்சு.

இந்தாங்க பேனா. பயமுறுத்தினது நீங்க, நீங்களே போய் கையெழுத்து போடச் சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பாங்க. நான் உள்ள வரல.

ஏன்னு கேக்கறீங்களா? காலையில டாக்டர் கேட்டாரு, யாராச்சும் முதுகுல ஏறி மிதிச்சாங்களாம்மான்னு. அம்மா எம்மூஞ்சியவே பாத்துக்கினு எவரூ தொக்கலேது சார்னு தெலுங்குல சொன்னாங்க.

யாருமே மிதிக்கலயாம், அத்தை.