ஆத்து மீனுக்கு ஒரு கொறையும் இல்ல

புஷ்பவல்லி: அய்யே, வந்ததுலேர்ந்து மைக்கு மைக்குனு அத்தயே சொல்லிகினு கீற. அந்தக் கரண்டு கம்பெனி கூட்டம் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு? இன்னும் மறக்கலியா நீ?

எழில்மொழி: நான் மறந்தாலும் அவங்க மறக்கலக்கா. நீ பேசுனத அப்படியே எழுதி வச்சிகினு கீறாங்க. 'எங்க ஆத்து மீனுக்கு ஒரு கொறையும் இல்ல, எங்க வூட்ல தெனமும் அதான் கொழம்பு'ன்னு...

புஷ்பவல்லி: மண்டபமே கை தட்டுச்சு, தெரியுமா? கம்பெனிக்காரன் ஓடியாந்து ஜூஸ் பாக்கெட்டு குடுத்தான்.

எழில்மொழி: குடுக்காம இன்னா பண்ணுவான்...

புஷ்பவல்லி: இப்டி நெழலுக்கா தள்ளி குந்து எயிலு. பூமி சூடாவுதுன்னு ஆராய்ச்சி பண்ற ஆபீசுல வேல. காலடிப்பேட்டை வெயிலுக்கே வதங்கிட்டியே!

எழில்மொழி: பேச்ச மாத்தாதக்கா. நாளைக்கு கடைசிக் கூட்டம். பெரிய அதிகாரிங்கல்லாம் வராங்க. நீ வந்து...

புஷ்பவல்லி: மடவை மீனு, மடவை! வாம்மா, பளபளன்னு கீது பாரு!... போறா பாரு, திரும்பிக்கூட பாக்காம. ம், நீ சொல்லு.

எழில்மொழி: புகையக் கொறச்சா அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்லேர்ந்து பணம் வரும். அதுல ஒரு பங்கு, அதே புகையாலயும் சாம்பல் தண்ணியாலயும் கெட்டுப்போன ஊருங்களுக்குப் போவணும்னு எங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்துகீறோம். குடிக்க நல்ல தண்ணி, மீன் வைக்க ஐஸ் ரூமு...

புஷ்பவல்லி: குடுக்கட்டுமே. நானா வாணான்றேன்?

எழில்மொழி: பக்கத்துல கீற சடையங்குப்பத்துக்குக் குடுக்குறாங்க. உங்க குப்பத்துக்கு இல்ல.

புஷ்பவல்லி: ஏன்? எங்க மேல மட்டும் பொகை வராம சுத்திகினு போவுதா?

எழில்மொழி: 'ஆறு நல்லாத்தானே கீது, மீன் விக்கிற அம்மாவே மைக்குல சொல்லிச்சே'ன்னு உங்க ஊரு பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்கக்கா.

புஷ்பவல்லி: ... எடுத்துட்டாங்களா?

எழில்மொழி: ம்.

புஷ்பவல்லி: எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?

எழில்மொழி: ஜெகதீசண்ணன்கிட்ட சொல்லல. மொதல்ல உன்னாண்டதான் வந்தேன்.

புஷ்பவல்லி: சொல்லிடாத தாயே. அந்தாளு பேஜார் பண்ணும். ஏற்கெனவே வலைய இழுத்தா சாம்பலா...

எழில்மொழி: வலைய இழுத்தா?

புஷ்பவல்லி: ஒண்ணுமில்ல. வாயக் கிளறாத... வா ஜெரினாம்மா! எங்க ஆளையே காணோம்?

ஜெரினா: வேலதான். மடவை எங்கேர்ந்து வந்தது? எண்ணூர் ஆத்து மீனு இல்லியே?

புஷ்பவல்லி: அய்ய, பழவேற்காடும்மா! காலையில எறங்குன சரக்கு.

ஜெரினா: போன தபா வாங்குனது கொழம்புல ஒரே மண்ணெண்ணெய் நாத்தம். எங்க வூட்டுக்காரர் தட்டத் தள்ளிட்டு எழுந்துட்டாரு.

புஷ்பவல்லி: என்னாண்டயா வாங்குன? வேற எவகிட்டயாவது வாங்கியிருப்ப.

ஜெரினா: என் பொண்ணு தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா. மீன் கொழம்பு, மீன் கொழம்புன்னு உசுர வாங்குறா. யாரு இது, உன் தங்கச்சியா?

புஷ்பவல்லி: தங்கச்சி மாதிரிதான். புளியந்தோப்புப் பொண்ணு. நல்லா படிச்சது.

ஜெரினா: அப்ப நீ சொல்லும்மா. நல்ல மீனுதானே?

எழில்மொழி: ... எனக்கு மீனப் பத்தி அவ்ளோ தெரியாதும்மா. அக்காதான் சொல்லணும்.

ஜெரினா: சரி, நாலு போடு. செதில் எடுத்தே குடுத்துடு.

புஷ்பவல்லி: இந்தா... பொண்ண நல்லா பாத்துக்கம்மா. போய்ட்டு வா.

எழில்மொழி: ஆத்து மீனப் போயி பழவேற்காடுன்னு குடுத்துட்டியே, புள்ளத்தாச்சிக்கா.

புஷ்பவல்லி: எனக்கும் காது கீது.

எழில்மொழி: அந்த மீனுல இன்னா இன்னா கலந்துகீதுன்னு எங்க ஆபீஸ்ல டெஸ்ட்டு பண்ணி...

புஷ்பவல்லி: உன்னாண்டதானே கேட்டாங்க? ஏன் நீ வாயத் தொறக்கல?

எழில்மொழி: ... உன் பொழப்புக்கா. எப்டி சொல்றது?

புஷ்பவல்லி: ஆங்! ஒருத்திகிட்ட சொல்ல உனக்கே வாய் வரல. நான் மட்டும் மைக்கப் புட்ச்சுகினு ஊருக்கே சொல்லணுமா? சுனாமி வந்துச்சே, அப்போ பொணம் தின்ன மீனுன்னு ஒருத்தி வாங்கல. கடலோரமா குழி நோண்டிக் கொட்னோம். அடுப்பு எரியல எயிலு. அந்தப் பயத்துலதான் கூட்டத்துக்கு மொத நாளு குப்பத்துப் பொம்பளைங்க அத்தினி பேரும் வந்து என் கையப் புட்ச்சாங்க. 'நீதான் தைரியமா பேசுவ, மீனக் கொறை சொல்லிடாத'ன்னாங்க. நான் இன்னா பண்ணுவேன்?

எழில்மொழி: இப்பவாவது மாத்தி சொன்னா உங்க ஊரையும் சேத்துப்பாங்கக்கா. ஐஸ் ரூமு வந்தா கடல் மீனா வாங்கி வச்சு விக்கலாம். ஆத்து மீனத் தொடவே வாணாம்.

புஷ்பவல்லி: எப்ப வரும் உன் ஐஸ் ரூமு?

எழில்மொழி: ... கொஞ்சம் நாளாவும். ரெண்டு வருசம் கூட ஆவலாம்.

புஷ்பவல்லி: அதுவரைக்கும் இன்னா துன்றது? உங்க ஆராய்ச்சியையா? கோச்சுக்காத. எனக்கும்தான் மனசு அறுக்குது. அன்னிக்கு மைக்க வச்சுட்டு எறங்கசொல்லயே, அவனுங்க கை தட்டத் தட்ட, அய்யோ தப்பு பண்ணிட்டோமேன்னு... வூட்டுக்குப் போயி கதவ சாத்திகினு அழுதேன். போதுமா?

எழில்மொழி: அத்தயே நாளைக்கு வந்து சொல்லேன்க்கா.

புஷ்பவல்லி: முடியாது எயிலு. நாளன்னிக்கு பேப்பர்ல வரும். அப்புறம் ஜெரினாம்மா இந்தப் பக்கம் வருமா? நான் வரல.

எழில்மொழி: சரி... கெளம்புறேன்.

புஷ்பவல்லி: இரு, இரு. வெறுங்கையோட போவாத. இந்தா எறா, உங்கம்மாவுக்கு எடுத்து வச்சேன்.

எழில்மொழி: வாணாம்க்கா.

புஷ்பவல்லி: இன்னா புச்சா வாணான்ற? எப்பவும் வாங்கினுதானே போவ? கோவமா?

எழில்மொழி: கோவம்லாம் இல்ல... அக்கா, உன்னாண்ட இனிமே மறைக்க முடியல. நீ குடுக்குற பைய நான் வூட்டுக்கு எடுத்துனு போறதே இல்ல. அந்த டெஸ்ட்டு ரிசல்ட்டப் பாத்த நாள்லேர்ந்து... டோல்கேட்ல பஸ்சு மாறசொல்ல குப்பைத் தொட்டியில போட்ருவேன்.

புஷ்பவல்லி: ... ஒவ்வொரு தபாவுமா?

எழில்மொழி: ம்.

புஷ்பவல்லி: அம்மா ருசிச்சு துன்னாங்கன்னு சொன்னியே...

எழில்மொழி: பொய்யிக்கா. உன் மனசு நோவக் கூடாதேன்னு... மன்னிச்சுக்க.

புஷ்பவல்லி: அடிப்பாவி... அது ஆத்து எறா இல்லடி. நீ வர்ற அன்னிக்கெல்லாம் விடியசொல்ல காசிமேட்டுக்குப் போயி, கடல் எறாவா பாத்து உனக்குன்னு தனியா வாங்கியாருவேன். இந்தக் கூடையிலேர்ந்து என் வூட்டு அடுப்புக்கே ஒண்ணும் போனதில்ல... உனக்கா குடுப்பேன்?