செமாபோக் மாஸ்டரை வைக்கலாமா?

நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காஜா பெராங்கில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஓர் அம்மா, முந்தானையை முறுக்கிக்கொண்டே தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“இன்டர்வியூவுக்குச் சொல்லித்தர மாஸ்டர் வைக்கணும்னா, பையனுக்கு வேணாம். உங்களுக்கு வைங்க.”

“எனக்கா? ஹாஸ்டல் ஸ்கூல்ல சேரப்போறது அவன்தானே?”

“அப்பாவையும் கூப்பிட்டுப் பேசுறாங்களாம். பையன் நல்லாத்தான் பேசுவான். நீங்கதான் ஹெட்மாஸ்டர் துரை ரூம் வாசல்லயே சிலிப்பரைக் கழட்டிட்டு நிப்பீங்க.”

“அது எஸ்டேட்ல இருந்தப்ப. இப்பதான் மெர்டேக்கா கிடைச்சிருச்சே. நாற்காலியில உட்கார்ந்தே பேசுவேன்.”

“செமாபோக்ல ஒரு மாஸ்டர் இருக்காராம், அவர் அதைத்தான் சொல்லித் தர்றாராம். எப்படி உட்காரணும், எப்படிப் பேசணும்னு.”

“உட்காரக்கூடவா ஒருத்தர் சொல்லித் தரணும்? சும்மா இரு லா.”

ஜாலான் துக்காங் எமாஸ் முனையில் காக்கி உடுப்போடு டிக்கெட் இன்ஸ்பெக்டர் ஏறினார். அவர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்குள் அந்த மனிதர் சிலிப்பரைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“உட்காருங்க. டிக்கெட் என்கிட்டதான் இருக்கு. செமாபோக்ல இறங்கிக்கலாம்.”