படர்தாமரை ஏறிய ஸ்டாப்

— தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கம்மா. கழுத்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு. வேற எங்கயாவது இருக்கா?

— இது போதாதா டாக்டர்? எல்லாம் என் மருமக கொடுத்தது. மாமியாருக்குப் பங்கு தராம எதையும் வச்சுக்க மாட்டா.

— அத்தை, டாக்டர் முன்னாடியாவது கொஞ்சம்…

— முன்னாடி என்ன, பின்னாடி என்ன? டாக்டர், இவ சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றா. ஊர்ல இருக்கிற அழுக்கெல்லாம் அந்தக் குளத்துலதான் கரையுது. அங்கிருந்துதான் இந்தப் படர்தாமரை வீட்டுக்கு வந்துச்சு. வேலையை விடுன்னு ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— விட்டுட்டாங்களா?

— லெட்டர் எழுதிட்டேன் டாக்டர். பையில இருக்கு. சாயங்காலம் கொடுக்கணும்.

— அது இருக்கட்டும். நீங்க இதுக்கு என்னம்மா தடவினீங்க?

— மருந்துக்கடையில ஒரு ட்யூப் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல அரிப்பு போச்சு, சிவப்பு போச்சு. நானும் ஜம்முன்னு இருந்தேன். நிறுத்தினேனோ இல்லையோ, முன்னைவிடப் பெரிய வட்டமா வந்து உட்கார்ந்துடுச்சு.

— அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அது அரிப்பை அமுக்கும், காளானைக் கொல்லாது. மேல சத்தம் இல்லாம இருக்கும், அடியில அது பாட்டுக்குப் படர்ந்துக்கிட்டே போகும்.

— காளானா?

— ஆமாம்மா. பூஞ்சைக் காளான், கண்ணுக்குத் தெரியாது. படர்தாமரைங்கறது அதுதான்.

— முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தேன் டாக்டர். நிக்க இடமில்லாத கூட்டத்துல எத்தனை பேரை உரசிக்கிட்டுப் போயிருப்பேன். ஒரு புள்ளி வந்ததில்லை. ரிட்டயர் ஆகி வீட்ல உட்கார்ந்த பிறகு காளான் முளைக்குதா?

— எந்த ஸ்டாப்ல ஏறிச்சுன்னு இப்போ தெரிஞ்சுடும். மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க மருமக கையில தோலைச் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினேன். அதுல இருந்த காளானை வளர்த்துப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்திருக்காங்க.

— குளம்னு போட்டிருக்கா?

— குளம் இல்லம்மா. குளத்து ஈரத்தரையில வெறுங்காலோட நடந்தா விரல் இடுக்குல சேத்துப்புண் வரலாம், அது வேற. இது விலங்குங்ககிட்ட இருந்து ஒட்டுற வகை. முக்கியமா பூனை. உங்க வீட்ல பூனை இருக்கா? என்ன, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுவரைப் பார்க்கறீங்க?

— பூனையா? எங்க வீட்லயா? இவ கல்யாணம் ஆகி வந்த புதுசுலயே சொல்லிட்டேன், நாய் பூனைன்னு எதுவும் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. கேளுங்க அவகிட்ட.

— ஆமா டாக்டர். வீட்ல கிடையாது.

— சரி. ஆனா கழுத்து, தோளு, கையோட உள்பக்கம்… ஒரு குட்டியைத் தூக்கி அணைச்சுக்கிட்டா அது படற இடம்தான் இதெல்லாம்.

— விடுங்க டாக்டர். அத்தை சொல்றதே சரியா இருக்கட்டும். நான் லெட்டரைக் கொடுத்துடறேன்.

— குளம் இல்லன்னு இப்பதானே சொன்னேன்?

— பரவாயில்ல. என்னால அத்தைக்குக் கஷ்டம் வேணாம். நாப்பது பிள்ளைங்க. இன்னொருத்தர் வந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போறாங்க.

— அந்த மூக்கைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற பொண்ணு? நேத்துதான் முதல் தடவையா தலையை முக்கினான்னு சாப்பிடும்போது சொன்னியே?

— அவளும்தான் அத்தை.

— லெட்டரை எடு.

— எதுக்கு அத்தை?

— எடுன்னா எடு. டாக்டர், நீங்க கொஞ்சம் காதைப் பொத்திக்கோங்க.

— காதைப் பொத்திக்கிட்டா மருந்து எழுதக் கை இருக்காதும்மா.

— சரி, கேட்டுக்கோங்க. மொட்டைமாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு குட்டி இருக்கு. சாம்பல் நிறம், வாலு பாதி வெள்ளை. தினம் மத்தியானம் துணி காயப் போடறேன்னு மேல போயி…

— போயி?

— மடியில வச்சுக்குவேன். அப்படியே தோள்ல ஏறித் தூங்கிடும். நான் பேசினா நடுவுல வெட்டாம கேட்கறது அது ஒண்ணுதான்.

— அத்தை, பால் வைக்கிற அந்த நீலக் கிண்ணம் நீங்க வச்சதா?

— கிண்ணம் நீலம்னு உனக்கு எப்படித் தெரியும்?

— காலையில பிஸ்கட் வைக்கிறது நான்தான்.

— அடிப்பாவி. அதான் மத்தியானம் பாலை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குதா? உடம்புக்கு என்னமோன்னு நாலு நாளா எனக்குச் சோறு இறங்கலை.

— நான் மட்டும் என்ன? அது பிஸ்கட்டைத் தொடலைன்னா அன்னிக்குப் பூரா குளத்துல எனக்கு வேலை ஓடாது.

— ரெண்டு பேரும் இப்போ என்னைக் கொஞ்சம் பாருங்க. இந்தக் களிம்பை வட்டத்துல மட்டும் இல்ல, சுத்தி ரெண்டு விரல் தள்ளியும் தடவணும். மறைஞ்சாலும் இன்னும் ரெண்டு வாரம் விடக் கூடாது. துண்டு, தலையணை உறை ஆளுக்கு ஒண்ணு. வெந்நீர்ல துவைச்சு வெயில்ல போடுங்க. குட்டியைக் கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. அது குணமாகாம நீங்க மட்டும் குணமானா, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

— துரத்திவிடச் சொல்லலையே டாக்டர்?

— வேணாம்மா. மருந்து கொடுத்தா போதும். அதுவரைக்கும் தோள்ல ஏத்தாதீங்க.

— அப்போ கீழேயே கொண்டு வந்துடலாம். மாடி ஏறி ஏறி யார் மருந்து போடறது? இந்தா, உன் லெட்டரைக் கிழிச்சாச்சு. அந்தக் குளத்தைப் போய் என்னவெல்லாம் திட்டினேன். தப்பு என்னுதுதான்டி. ஒரு தடவைதான் சொல்வேன்.

— ஒரு தடவையே தாங்கலை அத்தை. விடுங்க.

— கடைசியா ஒண்ணு. இந்தக் குட்டிக்கும் எங்கிருந்தோ ஒட்டியிருக்கு. தாய்ப்பூனையும் கூடப் பிறந்ததும் இருந்தா அதுங்களுக்கும் மருந்து தரணும். மாடிக்கு இது எப்படி வந்துச்சு?

— பக்கத்து மாடியில இருந்து தாவியிருக்கும் டாக்டர். வேற எப்படி?

— இல்ல அத்தை.

— பின்ன?

— தாயும் மத்த மூணு குட்டியும் நீச்சல் குளத்து மோட்டார் ரூம்ல இருக்கு. இதை மட்டும் நான்தான் என் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தேன்.