ஸ்டூல் கிடைத்த விதம்

தொண்ணூறுகளில் ஒரு மாலை, கோவளத்திலிருந்து கிழக்கேகோட்டை போகும் பஸ்.

"அந்த வெள்ளைக்கார மதாம்மாவுக்கு குத்தவச்சு இருக்க நாந்தான் படிப்பிச்சேன்" என்று முன்சீட்டில் ஒரு பெண் குரல். கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். பேசியவள் ஏதோ யோகா நிலையத்தில் சமையல்காரி என்பது போகப்போகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் ஊர்க்காரி போல.

"யோகா படிக்கவா ஜெர்மனியில இருந்து வந்தா?"

"ஆமா. பத்து வருஷமா செய்யுதாளாம். ஆனா குத்தவச்சா குதிகாலு தரையில படாது. நான் அடுக்களையில குத்தவச்சு காய் நறுக்குதத ஒரு நாளு பாத்தா. பிறகு யோகா மாஸ்டரோட கிளாஸ விட்டுட்டு எங்கிட்ட வந்து இருந்துட்டா."

"மாஸ்டர் சும்மா விட்டாரா?"

"விடுவாரா? இனி நீ தரையில இருக்கண்டாம்னு மேசையும் ஸ்டூலும் வாங்கிப் போட்டுட்டாரு."

"முட்டுவலின்னு ரெண்டு வருஷமா நீ கேட்டது அதத்தானே?"

"அதேதான்."

"மதாம்மா பிறகு வரலியா?"

"வராம இருப்பாளா? என் எடத்துல குத்தவச்சு, என் அரிவாமணையில வெண்டைக்கா நறுக்குதா. நான் ஸ்டூல்ல இருந்துக்கிட்டு, வெரல பாத்துக்கோ மோளேன்னு சொல்லிட்டிருக்கேன்."