மலர்வளையக் கம்பி

மாலை ஐந்தரை. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். திசா ஆற்றின் கரைமேட்டுச் சாலை... நவம்பரில் அந்நேரத்துக்கே கும்மிருட்டு. சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எனக்காகத்தான் சொல்கிறேன், உங்களுக்காக இல்லை. இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் பாதிக் கதையிலேயே ஓடியிருப்பேன், மீதி யாருக்கும் தெரிந்திருக்காது. நம் மாத்யாஷின் சித்தப்பா வெண்டெலுக்கு நடந்தது. சித்தி வாயால் கேட்டது.

சித்தி பிரோஷ்கா கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. அப்பா கால்மான் நாற்பது வருஷம் ஆற்றில் மீன் பிடித்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வெண்டெல் நடையாய் நடந்ததில் கிழவர் ஒருவழியாக இறங்கி வந்தார்.

"ஆத்தங்கரையில ஒரு மீன் குழம்பு வை. வந்து பாக்குறேன். சட்டிய ஒழுங்கா ஆட்டத் தெரியாதவன்கிட்ட பொண்ண எப்படிடா அனுப்புறது?"

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம் ஊர் மீன் குழம்பில் கரண்டி போட்டால் கெண்டைத் துண்டு உடைந்துபோகும். தொங்குகிற சட்டியின் பிடியைப் பிடித்து இடப்பக்கம் அரைச் சுற்று, வலப்பக்கம் அரைச் சுற்று... ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அடிப்பிடிக்கும்.

வெண்டெல் எல்லாம் கொண்டுபோயிருந்தான். மீன், வெங்காயம், மிளகாய்த் தூள், ரொட்டி, ஒயின், சட்டி, அதை நெருப்புக்கு மேல் தொங்கவிட மூன்று கால் கம்பு, கொக்கி, குறடு. சட்டியின் பிடி மட்டும் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் சட்டியின் காதுகளில் தூண்டில் நரம்பைக் கட்டினான். உருகிற்று. பச்சைக் குச்சியை வளைத்துச் செருகினான். பட்டென்று முறிந்தது. இடுப்பு பெல்ட்டை உருவி மாட்டினான். அது கருகி, நாறி, அறுந்தது. போதாததற்குப் பேண்ட்டும் நழுவத் தொடங்கியது. மாமனார் வர அரை மணிதான் இருந்தது.

மேட்டின்மேல் ஒரு மரச்சிலுவை. ஆற்றோடு போன எவனுக்கோ நட்டது, பெயர் மழையில் கரைந்துவிட்டது. அதில் நேற்று யாரோ மாட்டிய மலர்வளையம். கட்டியிருந்தது நல்ல தடித்த கம்பி.

வெண்டெல் தொப்பியைக் கழற்றினான். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு ராத்திரிக்குத்தான். பொண்டாட்டி விஷயம்."

கம்பியை அவிழ்த்து, வளையத்தைச் சிலுவையின் காலடியில் மரியாதையாகச் சாய்த்து வைத்தான். கம்பியைச் சட்டியின் காதுகளில் கோர்த்து, முனைகளைக் குறடால் முறுக்கி, கொக்கியில் மாட்டினான். சட்டி அம்சமாகத் தொங்கியது.

கால்மான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கவிழ்த்துப்போட்ட படகின்மேல் உட்கார்ந்தார். அவருக்கு நெருப்பு தெரியும், ஆள் முகம் தெரியாது.

"என்ன மாப்ளே, தோல் வாசனை வருது? செருப்பையும் போட்டுட்டியா?"

"பெல்ட்டு மாமா."

"அவ்வளவு பசின்னா சொல்லியிருக்கலாமே."

குழம்பு கொதித்தது. கிழவர் ரொட்டி கேட்டார். வெண்டெல் ஒரு கையில் பேண்ட்டைப் பிடித்தபடி மறு கையால் ரொட்டியை நீட்டினான்.

கிரீச்...

கொக்கியில் கம்பி உரசியது. சட்டி இடப்பக்கம் அரைச் சுற்று திரும்பி நின்றது.

கிரீச்... வலப்பக்கம் அரைச் சுற்று.

காற்று இல்லை. நாணல்கூட அசையவில்லை. சேற்று வாசனை... ஈரக் கம்பளி வாசனை... வெண்டெலின் இரண்டு கைகளும் சட்டிக்கு ஒரு கஜம் தள்ளி இருந்தன.

கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மெல்ல இளகியது. "அட... சத்தத்துலயே தெரியுதே. பதட்டமில்லாத கை. இப்படி ஆட்டுறவன் பொண்டாட்டிய அழ விடமாட்டான். நெசமாவே நீதான் ஆட்டுறியா?"

வெண்டெல் பேண்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஓடலாம். ஓடினால் பேண்ட் போகும். அது போனால் போகட்டும், பிரோஷ்காவும் போய்விடுவாள்.

"நான்தான் மாமா," என்றான்.

சத்தம் நின்றது.

சட்டி அப்படியே தொங்கியது. அடியில் தீயத் தொடங்கும் வாசனை.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் கிழவர்.

வெண்டெல் கம்பியைப் பிடித்தான். கீழே கணகணவென்று தழல். கம்பி பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. பிடித்த கையின்மேல் இன்னொரு கை... ஈரமாக, கனமாக... வந்து அமர்ந்தது. அவன் கையையும் சேர்த்துத் திருப்பியது. இடப்பக்கம்... வலப்பக்கம்... குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல, அவ்வளவு பொறுமையாக.

மீன் வேகும்வரை அந்தக் கை விலகவில்லை.

கிழவர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். "ஞாயித்துக்கெழமை அனுப்புறேன்," என்றார்.

வெண்டெல் அன்றிரவே கம்பியைச் சிலுவையில் கட்டி, வளையத்தை மாட்டி, மிச்ச ஒயினையும் வைத்துவிட்டு வந்தான். "ரொம்ப நன்றிங்க" என்றும் சொன்னான். பதில் வராததில் அவனுக்குப் பெரிய நிம்மதி.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பிரோஷ்கா வந்தாள். அதன்பிறகு வீட்டில் சண்டை இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. "பகல்ல அதே மனுஷன்தான், அதே அசடுதான்," என்று சித்தி சொன்னாள். "ராத்திரி மட்டும் என் கையப் புடிச்சுக்கும். முன்னாடி அந்தப் பழக்கமே கெடையாது. கொஞ்சம் சில்லுனு இருக்கும்... ஆனா அப்படி ஒரு ஆறுதல்டா அதுல."

மூன்றாவது வாரம். நல்ல தூக்கம் தூங்கி, விடிகிற நேரத்தில் சித்தி பாதி விழித்தாள். கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள் கை கோர்த்தபடியே இருந்தது.

வாசல் கதவு திறந்தது. பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம். சமையலறை விளக்கு எரிந்தது. மிளகாய் ஆலையில் அந்த வாரம் விழுந்த இரவு வேலையை முடித்துவிட்டு வந்த வெண்டெல் அங்கிருந்தே குரல் கொடுத்தான்:

"பிரோஷ்கா, காப்பி இருக்கா?"

போர்வைக்குள் அவள் கையைப் பிடித்திருந்த கை... மெல்ல இறுக்கியது.