அரை உப்பு

புத்தூரில் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். திருப்பதி பஸ் கிளம்பியதும் அந்தம்மா ஆரம்பித்தார்.

"மூணு நாளா சப்புனு இருக்கிற கொழம்ப துன்னுகினு, ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

"நல்லாத்தான இருந்துச்சு."

"இன்னா நல்லா இருந்துச்சு? போர் தண்ணியே கரிக்கும்னு இத்தினி வருசமா அரை உப்புதான் போடுறேன். இப்ப குழாயில நல்ல தண்ணி வருது, கை மட்டும் பழைய அளவுலயே போட்டுகினு இருக்குது. நான் கருவாடு தொட்டுகினு துன்னதுல தெரியல. இன்னிக்கு கருவாடு இல்ல, வாயில வெச்சதும் தெரிஞ்சிபோச்சு."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர் குடுத்த பி.பி. சீட்ட நீ பாத்துட்டுதான் உப்ப கொறச்சிட்டேன்னு நெனச்சேன்."

"இன்னா சீட்டு?"

அவர் கை சட்டைப் பைமேல் போனது. அந்தம்மாவே அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பார்த்தார். திரும்ப மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே அரை உப்புதான். ரெண்டு பேருக்கும்."

"உனக்கு இன்னாத்துக்கு மே? நீ கருவாடு தொட்டுக்கோ."

"நீ சப்புனு துன்னுகினு இருக்க, எனக்கு மட்டும் கருவாடு எறங்குமா?"